மூன்று நாள் சுத்தம்

1

இந்தக் கதை ஒரு விளக்கத்திலிருந்து பிறந்தது. கேட்டவர் அழகமுத்து, விளக்கியவன் நான். அந்த விளக்கத்தில் ஒரு வரிகூடப் பிழையில்லை. இன்றும் ஒரு வகுப்பில் நின்று அப்படியே சொல்லிக்கொடுக்கலாம். [அது என்ன என்பதை ஐந்தாம் பகுதி வரை தள்ளிப்போடுகிறேன். ஒன்றை விளங்கவைக்க எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்பதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. தள்ளிப்போடுவதற்கு அது மட்டும் காரணமில்லை.]

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டம். அதன் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். அழகமுத்துவும் அவர் மனைவி மூக்காயியும் அங்கே பால் வெட்டினார்கள். மூக்காயிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. 2004 ஆகஸ்டில் அவள் இறந்தாள், வயது நாற்பத்தொன்பது. ஏன் இறந்தாள் என்பது அழகமுத்துவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும். அவரிடம் சொல்வதா, வேண்டாமா என்று தீர்மானிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். நான் பார்க்காததைக் கற்பனையால் நிரப்பும் இடங்களில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

"மூக்காயியின் கை நடுங்கத் தொடங்கிய அந்தக் காலையில் மலை முழுவதும் மூடுபனி—"

வேண்டாம். அன்று பனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பனியைப் போட்டதும் வாசகர் தானாகவே துக்கப்படத் தயாராகிவிடுவார். அது குறுக்குவழி.

இரண்டாம் தொடக்கம்:

"சீனி வருத்தம் என்பது, இரத்தத்திலுள்ள சீனியை உடம்பின் கலங்கள்—"

இது பாடப்புத்தகம். (எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அதனால்தான் அடித்தேன்.)

மூன்றாம் தொடக்கம். 2003 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் கபூர் நானாவின் சாமான் கடை. அழகமுத்து ஒரு மரக்கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று கேகாலைப் பக்கத்துச் சிங்கள ஆட்கள் இதில் ஊறிய தண்ணீரைக் குடிப்பது அவருக்குத் தெரியும். கொத்தலாஹிம்புட்டு என்ற கொடியின் தண்டைக் குடைந்து செய்தது.

"நானா, இது அசல்தானா? சாயம் அடிச்ச பலாக்கட்ட இல்லையே?"

"பச்சத் தண்ணி ஊத்தி வெச்சுப் பாருங்க. காலையில செவக்காட்டி கொண்டுவந்து என்ட மண்டையில போடுங்க."

"ஒங்க மண்டையில போட்டா அப்புறம் கடைய யாரு தொறக்குறது?"

கபூர் நானா சிரித்துவிட்டுக் கடதாசியில் சுற்றிக்கொடுத்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அழகமுத்து, ஒண்டு செல்றன். பொஞ்சாதி கிளினிக் மருந்தும் எடுக்கிறாதானே? இத குடிக்கிற எண்டு டொக்டர்ட செல்லோணும். செல்லாம குடுக்க வாணாம்."

"சொல்லாம இருப்பேனா நானா?"

இந்த உரையாடல் கற்பனை இல்லை. கபூர் நானாவே எனக்குச் சொன்னார், செத்த வீட்டுக்கு வந்தபோது. தன் பங்கு எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை.

3

கோப்பை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் நகர முடியாது. கதை இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தின்னும் ரொட்டி மாவும் சரி, தேத்தண்ணிக்குப் போடும் சீனியும் சரி, அப்படியே இரத்தத்துக்குள் போகாது. அவை கோத்த மணிகள். மாவு நீளமான மாலை. சீனி இரண்டே மணி கொண்ட சின்னக் கோவை. குடலில் இவற்றை வெட்டித் தனி மணியாக்கும் கத்தரிக்கோல்கள் உண்டு. தனி மணிதான் இரத்தத்துக்குள் நுழையும். அந்த மணியின் பெயர் குளுக்கோசு.

மரக்கோப்பையில் இரவு முழுக்க ஊறிய தண்ணீரில் ஒரு சாறு இறங்குகிறது. அது போய்க் கத்தரிக்கோல்களின் வாயில் சிக்கிக்கொள்கிறது. வெட்டு மெதுவாகிறது. சீனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இரத்தத்துக்கு வரும். ஆகவே இது ஏமாற்று வைத்தியம் இல்லை. வேலை செய்கிறது. அதுதான் கஷ்டம்.

கிளினிக்கில் தரும் சின்ன வெள்ளை மாத்திரையின் வேலை வேறு. அது கணையத்தைப் பிடித்துப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. இரத்தத்திலுள்ள சீனி கலங்களுக்குள் இறங்குகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று மாத்திரை கேட்பதில்லை.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்பை, வரும் குழாயைச் சிறிதாக்குகிறது. மாத்திரை, அடியிலுள்ள வாயைத் திறக்கிறது. இரண்டையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சேர்த்தே பாவிக்கலாம். கோப்பை இருப்பது தெரிந்த டொக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொடுப்பார். பார்ப்பவருக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தால்—

[இந்த வசனத்தை முடிக்கவில்லை. நான்காம் பகுதி முழுவதும் இதன் மிச்சம்தான்.]

மூக்காயி முதல்நாள் காலை அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, கதவ நக்குன மாதிரி இருக்கு."

"நீ எப்ப கதவ நக்குன?"

"ஒங்களக் கட்டிக்கிட்டு எதத்தான் பண்ணல!"

ஒவ்வொரு மாலையும் கோப்பையைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, தட்டால் மூடி வைத்தது அழகமுத்துதான். ஒருநாளும் தவறவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். "பொண்டாட்டிக்கு மருந்து காய்ச்சுற ஆம்பள" என்றார்கள். அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

4

தோட்டத்துக்கு வெளியே பிறந்த வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும்.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் மூன்று நாளைக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கழிவுநீர்க் கான் வெட்டுவார்கள். சுவரில் சுண்ணாம்பு ஏறும். கோழிகளை அடைப்பார்கள். கூரையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வைத்த சட்டிகூட உள்ளே போய்விடும். துரை வந்து, பார்த்து, "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போவார். எழுதியதால் கூரை திருத்தப்படாது. மறுநாள் சட்டி பழைய இடத்துக்கு வரும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பெரியவர் கண்ணில் படும்போது சுத்தமாக இருப்பது மரியாதை. நான்கு தலைமுறைப் பழக்கம்.

அழகமுத்து கிளினிக்கை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கேகாலையில் கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகக் கோப்பையைக் கவிழ்த்துவைத்தார்.

"டொக்டரு முன்னாடி டொக்டரு மருந்து மட்டுந்தான் போயி நிக்கணும் புள்ள. ரெண்டு மருந்தும் ஒண்ணாப் போனா அவங்களுக்கு என்னா மரியாத?"

கிளினிக் நாளில் மூக்காயி விடியவே ரொட்டி சாப்பிட்டு பஸ் ஏறுவாள். சரியாக இரண்டு மணித்தியாலம் கழித்து அங்கே இரத்தம் எடுப்பார்கள். இளம் டொக்டர், சிங்களப் பெண், நல்லவர். கிளினிக் கொப்பியைப் பார்ப்பார், இரத்தத்தில் சீனி எவ்வளவு என்ற இலக்கத்தைப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார்.

"அம்மே, வெனத் பெஹெத் மொனவத் கன்னவத?" வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்கிறார்.

அழகமுத்துவின் சிங்களத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் எழுந்து நின்று பதில் சொல்வார். "நே மிஸ். மிஸ் தென பெஹெத் விதரய்." நீங்கள் தரும் மருந்து மட்டும்தான்.

மூன்று நாளாகக் கோப்பை இல்லாததால் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறது. இலக்கம் ஏறியிருக்கிறது. டொக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் கோப்பை நிமிர்கிறது. அதற்கடுத்த கிளினிக்கில் மறுபடி ஏறிய இலக்கம், மறுபடி கூடிய மாத்திரை. ஜனவரியில் ஒன்று. மார்ச்சில் இரண்டு. மேயில் மூன்று. ஜூலையில் நான்கு.

கிளினிக் இல்லாத நாட்களில் சீனி அளவுக்கு மீறி இறங்கி, மூக்காயியின் கை நடுங்கியது. பால் வெட்டும் கத்தி பட்டையில் ஒரு நூல் ஆழம்தான் போகவேண்டும். நடுங்கினால் கட்டைவரை இறங்கிவிடும், மரத்துக்குக் காயம். வேலையை மேற்பார்க்கும் இளம் கணக்கப்பிள்ளை கிருஷ்ணகுமார் மரத்தைப் பார்த்தான்.

"என்னாக்கா, பால் வெட்டுறீங்களா, கோழி அறுக்கிறீங்களா?"

"கோழின்னா கத்தும் தம்பி. மரம் பாவம், நீங்க வந்து அதுக்காகக் கத்துறீங்க."

சிரிக்கவைத்துவிட்டாள். ஆனால் காயங்கள் கூடின.

இதையும் கவனியுங்கள். கிளினிக்குக்கு முந்தைய மூன்று நாட்களில் நடுக்கம் நின்றுவிடும். அதை மூக்காயியே பிடித்துவிட்டாள்.

"ஏங்க, கிளினிக்கு போற வாரம் மட்டும் நல்லா இருக்கேன். இந்தக் கோப்பத் தண்ணிய நிப்பாட்டித்தான் பாப்பமே."

அழகமுத்து யோசித்தார். நன்றாகவே யோசித்தார். "மூணு நாள் நிப்பாட்டுனதுக்கே நெம்பரு இப்பிடி ஏறுது. முழுசா நிப்பாட்டுனா என்னா ஆவும்?"

இதைவிட ஒழுங்கான தர்க்கத்தை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அவரிடம் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு. மூக்காயி தொடர்ந்து குடித்தாள். அவர் தண்ணீரை இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஊறவைத்தார்.

5

இனித் தள்ளிப்போட முடியாது.

மூன்று நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? துரை வருகைப் பழக்கத்திலிருந்து என்று நான்காம் பகுதியில் உங்களை நம்பவைத்தேன். அது பாதி. மறுபாதி, 2004 ஜனவரியில் பாடசாலைக் கிணற்றடியில் நடந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். ரத்தம் எடுத்துப் பாக்குறாங்களே, நம்ம குடிச்சதெல்லாம் அதுல தெரியுமா?"

எனக்கு என்ன சந்தோஷம்! பிள்ளைகள் கேட்காத கேள்வி. வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். குடல், ஈரல், சிறுநீரகம். மணலில் குச்சியால் கீறிக்கூடக் காட்டினேன். குடித்தது இரத்தத்துக்கு வரும், ஈரல் அதை உடைக்கும், சிறுநீரகம் வெளியே தள்ளும் என்றேன்.

"முழுசாப் போக எவ்வளவு நாள் மாஸ்டர்?"

"பொருளைப் பொறுத்தது. பொதுவா மூணு நாள்ல அநேகமானது போயிரும்."

அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு விளக்கம் சரியாகப் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சி, அன்று மாலைவரை இருந்தது.

எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

செத்த வீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோப்பையை வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். "ஒரு கொறையும் வைக்கல மாஸ்டர். நீங்க சொன்ன மாதிரியே மூணு நாளு சுத்தமாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

அந்த நிமிடத்தில் எல்லாத் துண்டுகளும் என் தலைக்குள் போய்ப் பொருந்தின. ஒரு பொறி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும்போது வழக்கமாக எனக்கு வரும் சிறு பரவசம் அப்போதும் வந்தது. அதை எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

6

நான் அங்கே இல்லை. அழகமுத்து சொன்னதையும் கிருஷ்ணகுமார் சொன்னதையும் கோத்து எழுதுகிறேன்.

விடியற்காலையில் கோப்பைத் தண்ணீர், பாதி ரொட்டி, மாத்திரைகள். மூக்காயி தன் மரங்களுக்குப் போனாள். அழகமுத்துவின் மரங்கள் அடுத்த துண்டு நிலத்தில்; நடுவே ஒரு சிற்றோடை. ஒன்பது மணி தாண்டியபோது அவளுடைய பக்கத்தில் அசைவு இல்லை. கடந்து போய்ப் பார்த்தார்.

மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளித்துவிட்டு வந்தவள்போல் வியர்வை. அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா அண்ணே. எப்ப வந்த?"

அவர் பயப்படவில்லை. என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடைசிக் கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தார்: நடுங்கி, வியர்த்து, பேச்சு மாறினால் சீனி இறங்கிவிட்டது. சீனி போட்டுக் குடிக்கக்கொடு. கால் மணித்தியாலம் பார். தெளியாவிட்டால் இன்னொருமுறை கொடு. இதற்காகவே அவர் தன் பையில் ஒரு சீனிப் பொட்டலம் வைத்திருந்தார். போத்தலில் இருந்த சாயத்தண்ணியில், பாலில்லாத தேத்தண்ணியில், கைநிறைய அள்ளிப் போட்டுக் குலுக்கினார். "குடி புள்ள, குடி." அவள் சமர்த்தாகக் குடித்தாள்.

கையில் மணிக்கூடு இல்லை. இருபது மரம் வெட்டுகிற நேரம் கால் மணித்தியாலம் என்று அவருக்குத் தெரியும். மனத்துக்குள் மரங்களை வெட்டத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து போய், பழைய பாலை உரித்து, கீறி, சிரட்டையைத் திருத்தி. இருபதாவது மரம் முடிந்தது. அவள் தெளியவில்லை. மறுபடி சீனித்தண்ணீர். மறுபடி இருபது மரம்.

இங்கேதான் நான் எழுதுவதை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினேன்.

மூன்றாம் பகுதியில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சீனி என்பது இரண்டு மணிக் கோவை. வெட்டினால்தான் உள்ளே போகும். வெட்டும் கத்தரிக்கோல்களின் வாயில் அன்று காலை அவர் கொடுத்த சாறு சிக்கியிருந்தது. அவர் கொடுத்த சீனி அவளுடைய குடலிலேயே கிடந்தது. அவர் காத்திருந்தார்.*

இரண்டாம் எண்ணிக்கையின் பதினாறாவது மரத்தில் அவள் தூங்கிவிட்டாள். தூக்கம் நல்லது என்று நினைத்து இருபதுவரை எண்ணி முடித்தார்.

பிறகுதான் கூப்பிட்டார். கிருஷ்ணகுமார் ஓடிவந்தான். லொறி பாலோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. ஊசிவழியாக நாளத்தில் குளுக்கோசு ஏற்றினார்கள். வேறு மருந்து ஏதும் எடுக்கிறாளா என்று அங்கேயும் கேட்டார்கள். அழகமுத்து அழுதுகொண்டே எழுந்து நின்று, இல்லை என்றார். அவள் கண் திறக்கவில்லை. நான்காம் நாள் இறந்தாள்.

* வைத்தியசாலைக் கடதாசியில் இவற்றில் ஒன்றும் எழுதப்படவில்லை. கோப்பை இல்லாதிருந்தால் பிழைத்திருப்பாள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அப்படி நிரூபிக்க முடியாதிருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

7

வேறு முடிவுகள்.

(அ) மே மாதக் கிளினிக்கில் அழகமுத்து வாயைத் திறந்து கோப்பையைப் பற்றிச் சொல்கிறார். டொக்டர் திட்டவில்லை. "குடிக்கலாம், ஆனால் மாத்திரை ஒன்று போதும், கோப்பையை நிறுத்துவதென்றால் எனக்குச் சொல்லுங்கள்" என்று கொப்பியில் எழுதுகிறார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அழகமுத்து எழுந்து நின்று "நே மிஸ்" என்றே சொல்கிறார். என் பாத்திரம் எனக்குக் கட்டுப்படவில்லை. மரியாதை தெரிந்த மனிதரை மரியாதை இல்லாமல் நடக்கவைக்க எனக்குத் திறமை போதவில்லை.

(ஆ) அவர் பையில் சீனிக்குப் பதிலாகக் குளுக்கோசு மாவுப் பைக்கற் இருக்கிறது. தனி மணி, வெட்டவே தேவையில்லை. கால் மணித்தியாலத்தில் மூக்காயி நிமிர்ந்து, "ஏங்க இப்பிடி மொறச்சிப் பாக்குறீங்க" என்கிறாள். இது முழுக்கச் சாத்தியம். கபூர் நானாவின் கடையில் அந்தப் பைக்கற் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை வாங்கும்படி அவருக்குச் சொல்ல, முதலில் கிளினிக்கில் யாருக்காவது கோப்பையைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும்.

(இ) கிணற்றடி. "ஏன் கேக்குறீங்க?" என்று நான் கேட்கிறேன்.

(இ) இரண்டே சொற்கள். வேறு எதையும் மாற்றவேண்டியதில்லை. அதனால் அதற்குமேல் நான் எழுதவில்லை.

8

அவருக்குச் சொன்னால் என்ன ஆகும்? தினமும் மாலையில் கோப்பையைக் கழுவிய கையை அவர் என்ன செய்வார்? இருபது மரம், இன்னும் இருபது மரம் என்று எண்ணிய அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? "அவர் நிம்மதியைக் காப்பாற்றவே மறைக்கிறேன்" என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சொன்னால் கிணற்றடியையும் சொல்லவேண்டும்.

இப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த 2009 இல் அதுவும் முடியாமற்போய்விட்டது.

அழகமுத்துவுக்கு இப்போது தோட்டப் பதிவேட்டில் பெயரில்லை, ஓய்வு எடுத்துவிட்டார். மூக்காயிக்குச் செய்ததை ஊருக்குச் செய்கிறார். சிங்களம் சரியாக வராதவர்களை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறார், அவர்களுக்காகப் பேசுகிறார், கொப்பியைக் கிழியாமல் உறை போட்டுத் தருகிறார். நாட்டு மருந்து எடுப்பவர்களிடம் மூன்று நாள் கணக்கைச் சொல்கிறார். பதினொரு பேர் இப்போது மூன்று நாள் சுத்தத்தோடு கேகாலைக்குப் போகிறார்கள். தாதியிடம் சொன்னேன், நாட்டு மருந்தை மறைக்க வேண்டாம் என்று இரண்டு மொழியிலும் சுவரில் ஒட்டினார்கள். சுவரில் ஒட்டுவது மறைக்கிறவர்களுக்குத்தானே, நாம் மறைக்கவில்லையே என்று நம் ஆட்கள் அதைக் கடந்து போகிறார்கள்.

இன்று திங்கட்கிழமை. வியாழன் கிளினிக். எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் வைத்துவிட்டு அழகமுத்துவின் வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்.

இருளாயி அங்கே உட்கார்ந்திருந்தாள். அடுத்த லயம், நாற்பது வயது இருக்கும். கொப்பி மடியில். கொப்பியின் கடைசி வரியில் மூன்று மாத்திரை என்று இருந்தது. அதற்கு மேலே இரண்டு. அதற்கு மேலே ஒன்று. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அப்படியும் தளும்பியது.

"வாங்க மாஸ்டர், வாங்க!" அழகமுத்து எழுந்து எனக்கு இடம் விட்டார். முகம் மலர்ந்திருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தப் புள்ளைக்கு நான் சொன்னா நம்பிக்க வரமாட்டேங்குது. இருளாயி, இந்தா, மாஸ்டர்கிட்டயே கேளு. எனக்குச் சொல்லித்தந்ததே அவருதான்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"மாஸ்டர், கோப்பத் தண்ணிய இன்னைக்கு நிப்பாட்டுனா சரியா இருக்குமா? மூணு நாளு போதுமா?"

அழகமுத்து தலையை ஆட்டியபடி, என் பதிலுக்காக, பெருமையோடு காத்திருந்தார்.

நான் சொன்னேன்: "இருளாயி, நீங்க—"

இதற்குமேல் எட்டுத் தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அவரை உடைக்காமல் அவளைக் காப்பாற்றும் வசனம் ஒன்றும் இல்லை. எதைச் சொன்னாலும் இரண்டு பேரும் கேட்பார்கள். கோப்பை, மாத்திரை, கத்தரிக்கோல் எல்லாம் உங்களுக்கு இப்போது விளங்கும், விளக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் கேட்டுவிட்டாள். நீங்கள் சொல்லுங்கள்.